கோடிங் படிக்கும் பிள்ளைக்கு எத்தனை இன்ச் திரை?

போன வருடம் அக்கா மகள் விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. ஒரு நாள் மாலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"சித்தி, அரை மணி நேரமா பாக்குறேன், எங்க தப்புன்னே தெரியல."

சி மொழியில் எழுதிய மெர்ஜ் சார்ட், எண்களை வரிசைப்படுத்தும் ஒரு முறை. வரிசைப்படுத்திய இரண்டு பாதிகளை ஒன்றாகச் சேர்க்கும் ஃபங்ஷன் மட்டும் நாற்பது வரிக்குக் கொஞ்சம் கூட. அவள் திரையில் ஒரே சமயத்தில் தெரிந்ததோ பதினெட்டு வரி. கீழே, புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் டெர்மினல் திறந்திருந்தது. இடது பக்கம் ஃபைல் பட்டியல். மிச்சம் இருந்த ஜன்னலுக்குள் அவள் மேலே ஏறுவாள், மாறிகளை அறிவித்த இடத்தைப் பார்ப்பாள். கீழே இறங்குவாள், மூன்றாவது லூப்பைப் பார்ப்பாள். இறங்கி முடிப்பதற்குள் மேலே பார்த்தது மறந்திருக்கும். மறுபடி ஏறுவாள்.

நான் டெர்மினலை மூடினேன். கண்ட்ரோலையும் மைனஸையும் சேர்த்து இரண்டு முறை தட்டினேன். எழுத்து சிறிதாகி, ஃபங்ஷன் முழுவதும் ஒரே பார்வைக்குள் வந்தது. இரண்டாவது லூப் இடது பாதியில் மிச்சம் இருப்பதை நகலெடுக்கிறது, மூன்றாவது லூப் வலது பாதியில் மிச்சம் இருப்பதை. இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றதும் அவளுக்கே பட்டுவிட்டது. "ஐயோ, ஜே போட வேண்டிய இடத்துல ஐ போட்டிருக்கேன்!"

அவளுக்கு மெர்ஜ் சார்ட் நன்றாகவே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இந்த வருடம் அவள் தம்பியும் பொறியியல் சேர்கிறான். அக்கா போனில் கேட்டது ஒரே கேள்வி: "பதினாலா, பதினைஞ்சரையா? எது வாங்கட்டும்?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கேலும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இன்ச் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 14, 15.6, 16 எல்லாமே திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரைக்குமான குறுக்களவு. புரோகிராம் எழுதுகிறவருக்கு அந்தக் குறுக்களவு நேரடியாக எதையும் சொல்வதில்லை. நிரல் மேலிருந்து கீழே இறங்குகிற எழுத்து. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது திரையின் உயரம் எவ்வளவு என்று. உயரம் இன்ச்சை மட்டும் பொறுத்தது அல்ல, திரையின் வடிவத்தையும் பொறுத்தது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை 16:9, 16:10, 3:2 என்று குறிப்பிடுவார்கள். இரண்டாவது எண் முதல் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, திரை அவ்வளவு நெடியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 16:9 வடிவத்தில் 15.6 இன்ச் திரையின் அகலம் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. அதே 16:9-இல் 14 இன்ச் என்றால் அகலம் 31, உயரம் 17.4. இரண்டு சென்டிமீட்டர் உயரம் குறைகிறது. அது நிறையவே தெரியும். ஆனால் 14 இன்ச்சையே 16:10 வடிவத்தில் எடுத்தால் உயரம் 18.8 செ.மீ. ஆகிறது. அதாவது பெரிய 15.6 இன்ச் திரைக்கும் இதற்கும் உயரத்தில் வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர் மட்டும்தான். அடுத்து 16 இன்ச் 16:10 திரையைப் பாருங்கள். அகலம் 34.5 செ.மீ., 15.6 இன்ச்சின் அதே அகலம்தான். உயரம் மட்டும் 21.5. பையில் பிடிக்கும் அகலம் கூடாமலேயே உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. சில நிறுவனங்களின் 13.5 இன்ச் லேப்டாப்புகள் 3:2 வடிவத்தில் வருகின்றன. அவற்றின் உயரம் 19 செ.மீ., 14 இன்ச் 16:10-ஐவிடக் கொஞ்சம் அதிகம்!

அதனால் "பதினாலா, பதினைஞ்சரையா" என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். எந்த வடிவத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் முழுக் கேள்வி.

இந்த 16:9 எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய லேப்டாப்புகள் பலவும் 4:3 வடிவம், பழைய டிவி போல. அப்போதைய 15 இன்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 22.9 செ.மீ. இன்றைய 16 இன்ச் 16:10 திரையைவிட அது உயரம். பிறகு 16:10 வந்தது. 2008-ஐ ஒட்டி, இரண்டு மூன்று வருடங்களுக்குள், சந்தை முழுவதும் 16:9-க்குச் சாய்ந்தது. டிவிகள் அந்த வடிவத்துக்குப் போயிருந்தன. பேனல் தயாரிப்பவர்களுக்குப் பெரிய கண்ணாடித் தகட்டை அதே விகிதத்தில் வெட்டினால் வீணாவது குறைவு, விலையும் குறைவு. படம் பார்க்கவும் அது வசதி. புரோகிராம் எழுதுகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் மட்டும் பெரும்பாலும் 16:10-இலேயே நின்றது. 2020-இல் டெல் எக்ஸ்பிஎஸ் போன்ற விலை கூடிய லேப்டாப்புகள் 16:10-க்குத் திரும்பின. அடுத்த சில வருடங்களில் மற்றவர்களும் வந்தார்கள். இப்போது நடுத்தர விலையிலும் 16:10 சாதாரணமாகக் கிடைக்கிறது. ஆனால் குறைந்த விலை அடுக்கில் 15.6 இன்ச் 16:9 இன்னும் மலை மாதிரி குவிந்திருக்கிறது. மாணவர்கள் வாங்குவது பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது ரெசல்யூஷன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், நானும் ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். "ஃபுல் எச்டி இருக்கு, நிறைய தெரியும்" என்று கடையில் சொல்வார்கள். ஃபுல் எச்டி என்றால் 1920×1080. மேலிருந்து கீழே 1080 பிக்சல், அதாவது புள்ளிகள். புரோகிராம் எழுத உதவும் விஎஸ் கோடு எடிட்டரை விண்டோஸில் நிறுவினால் ஆரம்பத்தில் எழுத்தளவு 14 இருக்கும், ஒரு வரி 19 பிக்சல் உயரம் பிடிக்கும். மேலே தலைப்புப் பட்டை, டேப்கள், ஃபைலின் பாதை காட்டும் சிறு வரி, கீழே ஸ்டேட்டஸ் பார், அதற்கும் கீழே விண்டோஸின் டாஸ்க்பார். இதெல்லாம் சேர்ந்து சுமார் 160 பிக்சலைத் தின்றுவிடும். மிச்சம் 920. அதை 19 ஆல் வகுத்தால் 48 வரி. நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 14 இன்ச்சில் அந்த 48 வரியை யாரும் வெறும் கண்ணால் நாள் முழுக்கப் படிக்க முடியாது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். அதனால்தான் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஸ்கேலிங் என்பது அதுதான். 15.6 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்புகள் பலவற்றில் அது 125 சதவீதத்தில் இருக்கும், 14 இன்ச்சில் 150 சதவீதத்தில். 150 சதவீதம் என்றால் 1080 பிக்சல் உயரம் நம் வேலைக்கு 720 ஆகச் சுருங்குகிறது. பட்டைகள் போக 560. வரிக் கணக்கில் 29.

இந்த 29-ஐ ஒரு பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2011-இல் தமிழக அரசு தன் எல்காட் நிறுவனம் வழியாக மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய சமயத்தில், குறைந்த விலை லேப்டாப்புகளில் 1366×768 திரைதான் வழக்கம். அதில் ஸ்கேலிங் 100 சதவீதம். இதே எடிட்டரை இதே பட்டைகளோடு அதில் திறந்தால் 32 வரி தெரியும். அத்தனை வருடம் கழித்து வாங்கிய ஃபுல் எச்டி திரையில் மூன்று வரி குறைவு! அக்கா மகளின் லேப்டாப் 14 இன்ச், 16:9, ஃபுல் எச்டி, 150 சதவீதம். 29 வரியில் டெர்மினல் 11 வரியை எடுத்துக்கொண்டது. அந்தப் பதினெட்டு வரி வந்த வழி இதுதான்.

பிக்சல் கூடினால் எழுத்து கூர்மையாகும், விளிம்புகள் வழுவழுப்பாகும், கண்ணுக்கு இதம். ஆனால் படிக்க வசதியான அளவில் எத்தனை வரி கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது திரையின் உண்மையான உயரம்தான், செ.மீ. கணக்கில் இருக்கும் உயரம். நோட்டுப் புத்தகத்தில் எத்தனை வரி எழுதலாம் என்பது தாளின் உயரத்தையும் நம் கையெழுத்தின் அளவையும் பொறுத்தது. தாள் எவ்வளவு வெண்மை என்பதைப் பொறுத்தது அல்ல.

இதை நேராகவே கணக்கிடலாம். 15.6 இன்ச் ஃபுல் எச்டி திரையில் 125 சதவீதம் வைத்தால் ஒரு வரிக்குச் சுமார் நாலேகால் மி.மீ. வருகிறது. என் கண்ணுக்கு இது நல்ல அளவு. இளம் கண்களுக்குக் கொஞ்சம் குறைத்தாலும் தாங்கும். எல்லாத் திரையிலும் இதே நாலேகால் மி.மீ. வைத்துக்கொண்டால், பட்டைகள் போக 13.3 இன்ச் 16:9 திரையில் 30 வரி, 14 இன்ச் 16:9 திரையில் 32, 14 இன்ச் 16:10 திரையில் 35, 15.6 இன்ச் 16:9 திரையில் 37, 16 இன்ச் 16:10 திரையில் 42. டெர்மினலைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினொன்று போய்விடும். சின்னத் திரைக்கு அடி பலமாக விழுவது அங்கேதான்: 30-இலிருந்து 11 போவதும் 42-இலிருந்து 11 போவதும் ஒன்றல்ல.

ஸ்கேலிங் எண் எல்லோருக்கும் கட்டளை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அதற்குள் ஸ்கேல். 150-ஐ 125 ஆக்கினால் 14 இன்ச் ஃபுல் எச்டியில் 37 வரி கிடைக்கும், வரி உயரம் 3.8 மி.மீ. ஆகும். பத்தொன்பது வயதுக் கண்ணுக்கு இது பெரும்பாலும் பழகிவிடும். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மாலையில் தலை வலித்தாலோ, முகம் தானாகத் திரையை நோக்கி முன்னே போனாலோ திரும்ப ஏற்றிவிடுங்கள். கண்ணாடி போடுகிற பிள்ளைகள் இதில் வீம்பு பிடிக்கவே கூடாது. புரோகிராமுக்குள் தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: ண, ணை, றூ போன்ற எழுத்துகளில் சுழி அதிகம். ஆங்கில எழுத்து தெளிவாக இருக்கும் அளவில் நம் எழுத்து குழம்பிப்போகும். அவர்களுக்கு எழுத்தளவு ஒரு படி கூடுதலாக வேண்டும், ஆகவே திரையும் கொஞ்சம் நெடியதாக வேண்டும்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட நினைக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸில் 100, 200 சதவீதங்கள் சுத்தமாக வரும். 125, 150 போன்ற இடைப்பட்ட அளவுகளில் சில பழைய செயலிகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. 14 இன்ச்சில் 2880×1800 திரை கிடைத்தால் அது 200 சதவீதத்துக்கு அச்சாகப் பொருந்தும். விலை கூடும், பேட்டரியும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். கட்டாயம் இல்லை, கைக்கு எட்டினால் நல்லது.

சரி, உயரம் ஆயிற்று. அகலம்?

நிரலில் ஒரு வரி எத்தனை எழுத்து வரை போகலாம் என்பதற்கு ஒரு பழைய எல்லை இருக்கிறது: 80. கணினிக்கு எழுத்துகளைத் துளைகளாகக் கொடுத்த காலத்து அட்டை ஒன்று உண்டு; ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த அந்தத் துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். ஒரு அட்டைக்கு ஒரு வரி. அப்புறம் வந்த டெர்மினல்களும், அதாவது கணினியோடு இணைத்த தனித் திரையும் கீபோர்டும், அதையே பிடித்துக்கொண்டன. 1978-இல் வந்த விடி100 டெர்மினலில் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். பைத்தான் மொழியில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பெப் 8 வழிகாட்டி 2001-இல் எழுதப்பட்டபோது எல்லையை 79 என்று வைத்தது, இன்றும் அதுவே. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு எழுதும் நிரலைச் சரிபார்க்கும் கருவி 2020-இல்தான் தன் எச்சரிக்கையை 100 எழுத்துக்குத் தள்ளியது. துளை அட்டையை நேரில் பார்க்காத தலைமுறையும் அதன் அகலத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அந்த எல்லை வெறும் பழக்கதோஷம் இல்லை. வரி குறுகலாக இருந்தால் இரண்டு ஃபைல்களை அக்கம்பக்கமாக வைத்துப் படிக்கலாம். பெப் 8-உம் இந்தக் காரணத்தைச் சொல்கிறது. மாணவருக்கு இது தினசரித் தேவை. ஒரு பக்கம் எச்டிஎம்எல், மறுபக்கம் சிஎஸ்எஸ். ஒரு பக்கம் லேப் வினாத்தாள், மறுபக்கம் எடிட்டர். ஒரு பக்கம் பாட வீடியோ, மறுபக்கம் தட்டிப் பார்ப்பது.

இதற்கும் கணக்கு உண்டு. விண்டோஸில் வழக்கமாக வரும் கன்சோலாஸ் எழுத்துருவில் 80 எழுத்துக்குச் சுமார் 616 பிக்சல். வரி எண்களுக்கான ஓரத்தையும் சேர்த்தால் 680. இரண்டு பக்கத்துக்கு 1360. இடது ஓரப் பட்டைக்கு ஒரு 48. ஆக 1410 பிக்சல் அகலம் இருந்தால் ஃபைல் பட்டியலை மூடிவிட்டு இரண்டு புரோகிராம்களை அருகருகே வைக்கலாம். 15.6 இன்ச் ஃபுல் எச்டியில் 125 சதவீதத்துக்கு 1536 இருக்கிறது, தாராளம். 14 இன்ச்சில் 150 சதவீதத்துக்கு 1280 மட்டுமே. வரிகள் மடிந்து மடிந்து விழும், படிக்க எரிச்சல். 14 இன்ச்சையும் 125-க்குக் கொண்டுவந்தால் இரண்டும் பொருந்துகின்றன. உயரத்தில் 14 இன்ச் 16:10 ஏறக்குறைய 15.6-ஐப் பிடித்துவிட்டாலும், அகலத்தில் பிடிக்கவில்லை. நாலு செ.மீ. வித்தியாசம் வித்தியாசம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு "அப்போ 16 இன்ச்சே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். வீட்டிலோ விடுதி அறையிலோ ஒரே மேசையில் இருக்கப்போகிற லேப்டாப் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாணவரின் லேப்டாப் மேசையில் இருப்பதில்லை, முதுகில் இருக்கிறது.

ஒரு சாதாரண 14 இன்ச் லேப்டாப் சுமார் 1.4 கிலோ. 15.6 இன்ச் 1.7 கிலோ பக்கம். கேமிங் வகை 15.6, 16 இன்ச் என்றால் 2.3 கிலோவைத் தாண்டும், அதன் சார்ஜர் செங்கல் மாதிரி இன்னொரு அரைக் கிலோ. கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது முந்நூறு கிராம் ஒரு பொருட்டாகத் தெரியாது. காலை எட்டு மணிக்கு நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஐம்பது நிமிடம் போகும்போது தெரியும். பையில் லேப்டாப் மட்டுமா இருக்கிறது? ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மழைக்காலத்தில் குடை. கனமான லேப்டாப்பை முதல் செமஸ்டரில் தினமும் எடுத்துப்போவார்கள். இரண்டாவது செமஸ்டரில் அது வீட்டிலேயே தங்கிவிடும். வகுப்பில் சொல்லும்போது உடனே தட்டிப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போய்விடும். புரோகிராமிங் கற்பதில் அந்த உடனே தட்டிப் பார்ப்பதற்கு இருக்கும் மதிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்காகத் திரையில் இரண்டு வரியை விட்டுக்கொடுக்கலாம்.

வகுப்பறை நாற்காலியையும் கணக்கில் எடுங்கள். பல கல்லூரிகளில் வலது கையோடு ஒரு சிறு பலகை ஒட்டிய நாற்காலிதான். ஏ4 தாள் ஒன்று வைக்கலாம், அதற்கு மேல் ஓரம்தான். 15.6 இன்ச் லேப்டாப்பின் உடல் அகலம் 36 செ.மீ. வரும், பலகைக்கு வெளியே ஒரு பக்கம் தொங்கும், எழுதுகிற கையோடு சேர்ந்து ஆடும். 14 இன்ச்சின் உடல் 31, 32 செ.மீ. அது ஓரளவு நிற்கும்.

அப்புறம் கீபோர்டு. 15.6, 16 இன்ச் லேப்டாப்புகள் நிறையவற்றில் வலது பக்கம் தனி எண் விசைகள் இருக்கும். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு அது வரம். புரோகிராம் எழுதுகிறவருக்குப் பெரிதாகப் பயன்படாது. நமக்கு அடிக்கடி வேண்டியது வளைவு அடைப்பு, அரைப்புள்ளி, அம்புக்குறிகள். எண் விசைகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடது பக்கம் தள்ளிப்போகின்றன. கைகள் இடதில், திரையின் நடு வலதில். உடம்பு கொஞ்சம் திரும்பியே உட்காரும். ஒரு மணி நேரத்துக்குத் தெரியாது. புராஜெக்ட் கெடுவுக்கு முந்தின ராத்திரி தோள்பட்டையில் தெரியும். 16 இன்ச்சில் எண் விசை இல்லாத மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

எந்த அளவு லேப்டாப்பாக இருந்தாலும் கழுத்துப் பிரச்சினை ஒன்று பொது. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். வீட்டில் நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்து, தனிக் கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு நல்ல கீபோர்டு கிடைக்கிறது. எனக்கு இதை யாராவது இருபது வயதில் சொல்லியிருந்தால் முப்பதில் பிசியோதெரபிக்குப் போயிருக்க மாட்டேன்.

அந்தப் புத்தக அடுக்குக்குப் பதில் தனி மானிட்டர் வாங்க முடிந்தால் கதையே மாறிவிடும். 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, வேறொருவர் பயன்படுத்தியது என்றால் அதற்கும் கீழே. அதன் திரை 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். அதில் ஸ்கேலிங் தேவையில்லை. 100 சதவீதத்திலேயே ஒரு வரிக்கு ஐந்து மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் தெளிவாகத் தெரியும். முதலில் கணக்கிட்ட அந்த 48 வரி இங்கே முழுசாகக் கிடைக்கிறது, அகலத்தில் 1920 முழுவதும் நமக்கே. இரண்டு ஃபைல், அதோடு ஃபைல் பட்டியலும் திறந்திருக்கலாம். லேப்டாப் திரையில் பாடக் குறிப்பு அல்லது வீடியோ. ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். லேப்டாப் வாங்கும்போது அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய மாடல்கள் சிலவற்றில் யுஎஸ்பி-சி மட்டும்தான் இருக்கும்.

அதனால் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிற பிள்ளைக்கு என் விருப்பம் இப்படி: 14 இன்ச், 16:10, குறைந்தது 1920×1200. வீட்டில் மானிட்டர், இன்று முடியாவிட்டால் அடுத்த வருடம். விடுதியில் இருந்து, வகுப்புக்கு லேப்டாப் கொண்டுபோகத் தேவையில்லாத பிள்ளைக்கு 16 இன்ச் 16:10. அதுவே அவர்களுக்கு மானிட்டர். கையில் உள்ள பணத்துக்கு 15.6 இன்ச் 16:9 மட்டும்தான் வருகிறது என்றால் தயங்காமல் அதையே வாங்குங்கள். 37 வரி நல்ல எண், அகலமும் நன்றாக இருக்கிறது, சுமைதான் கூடுதல். திரைக்காக ரேமில் கை வைக்காதீர்கள். 16 ஜிபி ரேம் கொண்ட சுமாரான திரை, 8 ஜிபி கொண்ட அழகான திரையைவிட நாலு வருடத்தில் அதிகம் உழைக்கும். நான் தயங்குவது 13 இன்ச் 16:9-க்கும், இன்னும் எங்காவது மலிவாக மாட்டும் 1366×768 திரைக்கும்தான். 17 இன்ச்சைப் பற்றிப் பேச வேண்டாம், அது லேப்டாப் பையிலேயே போகாது.

என்ன படிக்கிறார்கள் என்பதும் கொஞ்சம் மாற்றும். ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்களுக்கு எடிட்டருக்குப் பக்கத்தில் போன் மாதிரி ஒரு எமுலேட்டர் நிற்க வேண்டும். அகலம் வேண்டும், அல்லது எமுலேட்டரை விட்டுவிட்டுச் சொந்தப் போனையே கேபிளில் இணைக்கலாம், அது ரேமுக்கும் நல்லது. தரவு அறிவியல் படிக்கிறவர்களுக்கு அகலமான அட்டவணைகள். சி, ஜாவா, பைத்தான் என்று ஆரம்பிக்கிற முதல் இரண்டு வருடத்துக்கு உயரமே பிரதானம்.

போன வாரம் தம்பிக்காரனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம், அக்கா மகளும் வந்தாள். நான் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தேன். கடைப் பையன் முதலில் விழித்தான், பிறகு அவனே ஸ்கேலை வாங்கி அளந்து காட்டினான். அவன் அளந்த 14 இன்ச் திரையில் உயரம் 18.8 இருந்தது. அக்கா மகள் தன் மெர்ஜ் சார்ட்டை மெயிலிலிருந்து எடுத்து நோட்பேடில் ஒட்டி, கீழே இறங்காமல் எத்தனை வரி தெரிகிறது என்று விரல் வைத்து எண்ணினாள். கடை விளக்கு வெளிச்சத்தில் திரை கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்தில் இருந்த மேட் திரையில் அது இல்லை, அதையே கேட்டோம். தம்பி மடியில் வைத்துப் பார்த்தான், கையில் தூக்கிப் பார்த்தான், கடைசியில் தன் பையிலேயே போட்டு மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடந்தான்.

"இது ஓகே சித்தி. ஆனா அக்காவோடத விட உசரமா இருக்கே, அவளுக்குப் பொறாமை வராதா?"

"எனக்கு மானிட்டர் வாங்கித் தர்றேன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள் அவள், நோட்பேடிலிருந்து கண்ணை எடுக்காமலே. இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.